ரிம்மையும் டிஸ்க்கையும் சேர்த்துப் பற்றவைத்துவிடாதீர்கள்

எங்கள் மதுரைப் பக்கம், வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் வட்டாரத்தில், பத்துப் பதினைந்து வருசம் ஓடிய டிராக்டர் ஏதாவது நின்றால் குனிந்து அதன் பின்சக்கரத்தைப் பாருங்கள். ரிம்மும் நடு டிஸ்க்கும் சேருகிற இடத்தில், போல்ட் இருக்க வேண்டிய இடத்தில், வெல்டிங் மொத்தை மொத்தையாக உட்கார்ந்திருப்பதை நிறைய வண்டிகளில் பார்க்கலாம். துருப்பிடித்த போல்ட் கழலவில்லை, ஓட்டை பெரிதாகி சக்கரம் ஆட்டம் கொடுக்கிறது, உழவு நேரம், வண்டி ஒரு நாள் நின்றாலும் வாடகை போச்சு. சரி, நாலு இடத்தில் வைத்து இழுத்துவிடுங்கண்ணே என்று டிரைவர் சொல்வார், பட்டறைக்காரரும் இழுத்துவிடுவார். சத்தம் அன்றைக்கே நின்றுவிடும். அதோடு இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியும் போய்விடும். இதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பின்சக்கரம் ஒரே துண்டு கிடையாது. அச்சின் முனையில் உள்ள ஹப்பில் நட் போட்டு மாட்டுகிற நடுத் தட்டு டிஸ்க், டயர் உட்காருகிற வளையம் ரிம். ரிம்மின் உள்சுற்றில் காது என்கிற துளையிட்ட இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்திருப்பார்கள், டிஸ்க்கைப் போல்ட் போட்டுப் பிடிப்பது அந்தக் காதுகளில்தான். அந்தக் காதுகள் ரிம்மின் சரிநடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். டிஸ்க்கும் தட்டையாக இருக்காது, குழிந்திருக்கும். சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. டிஸ்க்கின் குழிவு உள்ளே பார்க்கவும் மாட்டலாம், வெளியே பார்க்கவும் மாட்டலாம். காதின் இந்தப் பக்கத்திலும் பிடிக்கலாம், அந்தப் பக்கத்திலும் பிடிக்கலாம். ரிம்மையே திருப்பியும் போடலாம். இரண்டு, இரண்டு, இரண்டு என்று பெருக்கினால் எட்டு நிலை. இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை செய்த சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 வண்டியில் இந்த ஏற்பாட்டால் ஒரு பின்சக்கரத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரை உள்ள அகலம் 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை நாலு நாலு அங்குலமாகக் கூடும். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே செய்து விற்ற மாஸி ஃபெர்குசன் 1035, எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற வண்டி, அதே வம்சம்தான். அமெரிக்காவில் அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி 1940-களின் கடைசியில் வேறொரு வழி கண்டுபிடித்தது. ரிம்மின் உள்ளே சாய்வாகத் தண்டவாளம் மாதிரிப் பட்டையை வைத்து, கிளாம்பைத் தளர்த்திவிட்டு வண்டியை நகர்த்தினால் என்ஜின் சக்தியிலேயே டிஸ்க் அந்தப் பட்டையில் ஏறி அகலம் மாறும்படி செய்தார்கள். ஜாக்கி வேண்டாம், டயரைத் தூக்க வேண்டாம். ஆனால் அங்கேயும் துருப் பிடித்துவிட்டால் கதை ஒன்றுதான், கிளாம்ப் பட்டையைக் கவ்விக்கொண்டு அசையாது.

மதுரையைச் சுற்றி ஓடுகிற வண்டிக்கு இந்த வசதி ரொம்ப முக்கியம். வடக்கே, 1895-ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாகக் கால்வாயில் வந்து பாய்கிற வாடிப்பட்டி, மேலூர் பக்கம் நெல். தெற்கேயும் மேற்கேயும் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல், பருத்தி, மக்காச்சோளம். ஒரே வாடகை வண்டி, நெல் வயலைச் சேறாக்குகிற தொழி உழவு முடிந்த கையோடு அந்தப் பக்கம் போகிறது. நெல் வயலுக்குப் போகிற வண்டிப்பாதைகள் குறுகல், வரப்பை மிதிக்காமல் இறங்க வேண்டும், வெளிப்பக்கம் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் வேறு மாட்ட வேண்டும், அதனால் சக்கரத்தை உள்ளே தள்ளி வைப்பதுதான் தோது. பருத்தியில் களையெடுக்கப் போனால் கணக்கே வேறு. வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர் என்றால் இரண்டு வரிசையைக் காலுக்கு நடுவில் விட்டுப் போகச் சக்கர அகலம் 150 வேண்டும், அதாவது 60 அங்குல நிலை. 90 சென்டிமீட்டர் வரிசைக்கு 180, அதாவது 72 அங்குல நிலை. முன்சக்கரத்தையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். ரிம்மைப் பற்றவைத்துவிட்டவர் இதில் எதையும் செய்ய முடியாது, போகிற வழியெல்லாம் செடியை மிதித்துக்கொண்டுதான் போவார். காட்டுக்காரர் அடுத்த தடவை வேறு வண்டியைக் கூப்பிடுவார்.

சரி, துரு எப்படி வருகிறது? சேற்றில் இறங்குகிற வண்டிக்குத் துரு வராமல் இருக்காது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வராது. காதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உள்ள சந்தில் சேறு போய் அடைத்துக்கொள்ளும், வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் அந்தத் துருவே இரண்டு தகட்டையும் தள்ளிப் பிளக்கும், போல்ட்டை இழுத்து நீட்டும். உரம் ஏற்றுகிற வண்டி என்றால் பொட்டாஷ் சிந்துகிற இடத்தில் அரிப்பு இன்னும் வேகம், அது குளோரைடு உப்பு. உப்புத் தண்ணீர் வருகிற போரில் வண்டியைக் கழுவினாலும் இதே கதைதான்.

எல்லாவற்றையும் விட மோசமான இடம் வால்வு ஓட்டை. இழுவை கூடுவதற்காகப் பின் டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது நம் பக்கம் வழக்கம். 13.6-28 டயர் ஒன்றில் நூற்றைம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். வால்வு அடியில் லேசாகக் கசிந்தாலும் போதும், அந்தத் தண்ணீர் டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் தேங்கி வெளியே தெரியாமலே அரித்துக்கொண்டிருக்கும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்கவும் எடை கூடவும் கால்சியம் குளோரைடு கலப்பார்கள், அங்கே ரிம் உளுத்துப் போவதற்கு முதல் காரணம் அதுதான். மதுரை வெயிலில் தண்ணீர் உறையப் போவதில்லை, எவர் சொன்னாலும் டியூபில் உப்பு எதையும் கலக்காதீர்கள், நல்ல தண்ணீர் போதும்.

டயரைக் கழற்றி, டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் பட்டையான ஃபிளாப்பை உரித்துப் பார்க்கிறபோதுதான் உண்மை தெரியும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே வால்வு ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பும் செம்மண் நிறமுமாக வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகக் கிளம்பும். உளியின் முனையால் லேசாக நெம்பினால் ஒரு ஏடு வரும், அதன் கீழே இன்னொன்று, கடைசியில் ஈரமான கறுப்புத் தூள், அதையும் துடைத்தால் அந்தப் பக்க வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரியும். நல்ல ரிம்மைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும், உளுத்த இடத்தில் தட்டினால் சத்தம் செத்துப்போகும். சுற்றிலும் நாலு விரல்கடைக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறுகிற எல்லையைச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டால் வெட்ட வேண்டிய அளவு கிடைத்துவிடும். சந்தேகம் இருக்கிற இடத்தில் சென்டர் பஞ்சை வைத்து ஓர் அடி கொடுங்கள், உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு இல்லை.

டயரைக் கழற்றாமல் பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்றும் உண்டு. காதிலும் டிஸ்க்கிலும் போல்ட் தலையைச் சுற்றி மெல்லிய செம்பொடி வளையம் தெரிந்தால் அந்த போல்ட் தளர்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் இறுக்கிவிட்டால் செலவே இல்லை. விட்டுவிட்டால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட்டை இரண்டு பக்கமும் அடித்து ஓட்டையை முட்டை வடிவமாக்கும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

இனி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், இதில் உயிர் போகும். டயர் மாட்டியிருக்கிற ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது, கேஸ் வைத்துச் சூடாக்கவும் கூடாது. காற்றை இறக்கிவிட்டேனே என்று சிலர் சொல்வார்கள், அதுவும் போதாது. ரிம்மின் சூட்டில் உள்ளே ரப்பர் வெந்து எரியக்கூடிய வாயு சேரும், அது எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது, வெல்டிங் முடிந்து ஆள் பீடி பற்றவைத்து உட்கார்ந்த பிறகும் வெடிக்கலாம். வெடித்தால் ரிம்மையே தூக்கி எறிகிற வேகம் இருக்கும். அதனால் முதல் வேலை, வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றையும் தண்ணீரையும் முழுக்க இறக்கி, இரண்டு பக்கமும் பீடை, அதாவது ரிம்மில் உட்காருகிற டயரின் கனமான விளிம்பைப் பிரித்து டயர், டியூப், ஃபிளாப் மூன்றையும் எடுத்துத் தள்ளி வைப்பது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் அச்சுக்கு அடியில் மரக்கட்டை அடுக்க வேண்டும், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய சக்கரத்தை அப்படியே ஹப்பிலிருந்து இழுக்கப் போகாதீர்கள், சாய்ந்தால் இரண்டு ஆள் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது.

கழலாத போல்ட்டுக்கு அவசரம் ஆகாது. முந்தின நாள் சாயங்காலமே வயர் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, காலையில் இன்னொரு தடவை ஊற்றி, நட்டின் பக்கவாட்டில் எதிரே ஒரு சம்மட்டியை முட்டுக்கொடுத்துக்கொண்டு சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் பாதி போல்ட் வழிக்கு வரும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்பிவிட்டு அப்புறம் கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். அதற்கும் வராவிட்டால், டயர் இல்லாத ரிம் என்பதால் நட்டை மட்டும் கேஸில் சிவக்கக் காய்ச்சலாம். கடைசியில் வெட்டி எடுத்தாலும் நஷ்டமில்லை, போல்ட் புதிதாக வாங்கக்கூடிய பொருள். வாங்கும்போது தலையில் அதன் வலிமையைக் காட்டுகிற 8.8 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே பொறிக்காத மட்ட போல்ட் இந்த இடத்துக்கு உதவாது.

துரு எடுக்க கிரைண்டரில் வயர் கப் போட்டுத் தேய்ப்பது வீட்டிலேயே ஆகிற வேலை, ஆனால் குழி குழியாக இறங்கிய துருவின் அடி வரை அது போகாது. செலவு செய்ய முடிந்தால் சாண்ட் பிளாஸ்டிங் நல்லது. கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். எனக்குப் பிடித்தது கரண்ட் விட்டுத் துரு எடுப்பது. குழி தோண்டித் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி அதில் சலவைச் சோடாவைக் கரைத்து, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வயரை ரிம்மிலும் பாசிட்டிவ் வயரைப் பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் வைத்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகத் துரு இளகிக் கறுப்புச் சேறாக வழித்து எடுக்க வரும், நல்ல இரும்பு துளியும் குறையாது. சலவைச் சோடாவுக்குப் பதில் உப்புப் போடக் கூடாது, குளோரின் வரும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் வைக்கக் கூடாது, குரோமிய நஞ்சு தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது, கை வைப்பதற்கு முன் கரண்டை நிறுத்திவிட வேண்டும்.

இப்போது எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது. விரிசல் விட்ட ரிம்மைப் பற்றவைக்காதே, மாற்று என்றுதான் ரிம் செய்கிறவர்கள் சொல்வார்கள், விளிம்பைப் பொறுத்தவரை நானும் அதில் உறுதியாக நிற்கிறேன். டயரின் பீட் உட்காருகிற படியிலோ அதை அணைத்து நிற்கிற மடிப்பிலோ விரிசல் இருந்தால், அல்லது துரு அங்கே தின்றிருந்தால், அந்த ரிம் பழைய இரும்புக்குத்தான். டயரின் அழுத்தம் முழுக்க அங்கேதான் தாங்கி நிற்கிறது. நடுப் பள்ளத்தில், வால்வு ஓட்டையைச் சுற்றி மட்டும் அரித்திருந்தால், மெதுவாகப் போகிற உழவு வண்டிக்கு ஒழுங்காக ஒட்டி ஓட்டலாம். ஒழுங்காக என்றால், மேலே ஒரு தகட்டை வைத்து மூடுவது இல்லை. அப்படி மூடினால் அடியில் உள்ள துரு தின்றுகொண்டேதான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த பட்டறை அண்ணன் ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே, இரும்பு பளிச்சென்று தெரிகிற வரை வெட்டி எடுக்கிறார், மூலைகளைக் கூராக விடாமல் உருட்டி விடுகிறார், கூர் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும் என்பதால். ரிம் எவ்வளவு கனமோ அதே கனத்தில் தகடு, அதைப் பள்ளத்தின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, ஓட்டைக்குள் சரியாக உட்காரும்படி அரத்தால் ராவி, சுற்றிலும் ஓரத்தைச் சாய்த்து, வெல்டிங் ராடு அடி வரை இறங்க நூல் இடைவெளி விட்டு நாலு புள்ளியில் பிடிக்கிறார். 7018 ரக ராடு. ஈரம் பிடித்த ராடை வைக்கவே மாட்டார், முதலில் சூடு காட்டிக் காய வைத்துவிடுவார். ஒரே மூச்சில் இழுக்காமல் எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து ஆறவிடுகிறார். ஏண்ணே இவ்வளவு நேரம் என்று கேட்டால், "அவசரப்பட்டா ரிம்மு கோணிக்கும் தம்பி, அப்புறம் அதை எவன் நிமித்துறது" என்பார். முடிந்ததும் டியூப் படுகிற பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, விரலில் எதுவும் இடறாத வரை கிரைண்டர் போடுகிறார். வால்வு ஓட்டையைப் புதிதாக டிரில் போட்டு இரண்டு பக்க விளிம்பையும் மழுங்க எடுக்கிறார். அந்த விளிம்பு கூராக இருந்தால் எவ்வளவு நல்ல டியூப் போட்டாலும் வால்வின் கழுத்தை அறுத்துவிடும்.

காது தேய்ந்ததற்கும் இதே பொறுமை வேண்டும். முட்டையான ஓட்டையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளை போடலாம், ஓட்டை கொஞ்சமாகத் தேய்ந்திருந்தால் அது போதும். காதே மெலிந்து விரிந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் காது வைப்பதுதான் சரி. வைப்பதற்கு முன் டிஸ்க்கையே அச்சாக வைத்து எல்லாக் காதையும் அதில் போல்ட் போட்டுப் பிடித்துக்கொண்டு, ரிம்மைச் சுற்றிப் பொருத்தி, எதிர் எதிர் காதாகப் புள்ளி வைத்துவிட்டு, ஹப்பில் மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் நிறுத்திவிட்டு ரிம்மைக் கையால் சுற்றினால் கம்பிக்கும் ரிம்முக்கும் உள்ள சந்து எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் புள்ளியை உடைத்துச் சரிசெய்வது சுலபம், முழு வெல்டிங் போன பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கவனியுங்கள், இங்கே பற்றவைப்பது காதையும் ரிம்மையும்தான். காதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் போல்ட் மட்டும்தான் இருக்க வேண்டும். அங்கே வெல்டிங் வைத்தால் அதன் ஓரத்திலிருந்து டிஸ்க்குக்குள் விரிசல் ஓடும், பிறகு ரிம் கெட்டாலும் டிஸ்க் கெட்டாலும் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். டிஸ்க்கில் ஹப் நட் உட்காருகிற சரிவான துளையைச் சுற்றி விரிசல் தெரிந்தால் அந்த டிஸ்க்கை ஒட்டவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்து, ஒரு புது ரிம் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்றால் நான் புதிதே வாங்குவேன்.

பெயின்ட் விஷயத்தில் பட்டறைகளோடு எனக்கு ஓயாத சண்டை. வெளியே இரண்டு கோட் அடித்துப் பளபளவென்று கொடுப்பார்கள், டயருக்குள் போகிற பக்கம் வெறும் இரும்பாக விடுவார்கள். துரு பிடிக்கிற பக்கமே அதுதான். துரு எடுத்த அன்றைக்கே, சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன், உள்ளும் வெளியும் எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் ரெட் ஆக்சைடு, அதன் மேல் எனாமல். காதும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று ஒட்டுகிற முகத்திலும் நட்டின் அடியிலும் மட்டும் மெல்லிசாக ஒரு கை பிரைமரோடு நிறுத்துங்கள். அங்கே கனமாகப் பெயின்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி போல்ட் தளர்ந்துவிடும்.

டயர் ஏற்றும்போது பீடில் சோப்புக் கரைசல் தடவுங்கள், கிரீஸோ டீசலோ வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். பீட் உட்காரவில்லை என்று காற்றை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது, 35 பிஎஸ்ஐ தான் எல்லை. அதற்குள் உட்காராவிட்டால் இறக்கி, மறுபடி சோப்புத் தடவி ஏற்றுங்கள். அகலத்தை மாற்றுவதற்காக ரிம்மைத் திருப்பிப் போட்டிருந்தால் இடது சக்கரம் வலதுக்கும் வலது இடதுக்கும் போக வேண்டியிருக்கும், டயரின் பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். நட்டுகளை எதிர் எதிராக, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க், அதாவது இறுக்கும் விசை அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி, அன்றைக்குச் சாயங்காலம் மறுபடி, பிறகு அந்த வாரம் முழுக்க டீசல் ஊற்றுகிறபோதெல்லாம் ஒரு தடவை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். தொழி உழவு முடிந்து வீட்டுக்கு வருகிற வண்டியில் ரிம்முக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் அடைத்த சேற்றை அன்றைக்கே குச்சியால் குத்தி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். பருத்திப் பக்கம் அகலம் மாற்றுகிற நாளில் அந்த போல்ட்டெல்லாம் ஸ்பானருக்குக் கழலும்.